போத்தலின் முன்பக்கமும் பின்பக்கமும்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் கிடந்தவனுக்கு ஒரு தீராத நோய் உண்டு. கையில் எது அகப்பட்டாலும் அதில் அச்சிடப்பட்டிருப்பதை வாசித்துவிட்டே மறு வேலை பார்ப்பான். அதிலும் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடியெழுத்தைத்தான் முதலில் வாசிப்பான். பெரிய எழுத்தை எழுதுகிறவர் யார், எதற்காக எழுதுகிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனும் ஒரு காலத்தில் தலைப்பு எழுதிப் பிழைத்தவன்தானே!

சென்ற மாரிகாலத்தில் லண்டனில் என் சகோதரியின் மகன் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். மருமகன் விஸ்கிப் பிரியன். வேலை நிமித்தம் அடிக்கடி ஜேர்மனி சென்று வருபவன். அவனது அலுமாரியில் ஒரே பெயரும் ஒரே உருவமும் கொண்ட இரண்டு போத்தல்கள் அருகருகே நின்றன. ஒன்று லண்டனில் வாங்கியது. முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மற்றையது ஜேர்மனியில் வாங்கியது. இன்னும் உடைக்கப்படவில்லை. பீற் புகையூட்டி, ஷெரிப் பீப்பாயில் முதிரவைத்த சிங்கிள் மோல்ட் என்று இரண்டின் முகத்திலும் பொன்னெழுத்து மின்னியது.

"மாமா, நிறத்தைப் பாருங்கோ. சாயத் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு. எத்தினை வருசம் பீப்பாய்க்குள்ள கிடந்திருக்க வேணும்!" என்றான்.

நான் வழக்கம்போல இரண்டையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஜேர்மன் போத்தலின் அடியில், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசிக்கவேண்டிய அளவில், "மிட் ஃபார்ப்ஷ்டொஃப்" என்று இரண்டு சொற்கள். நிறமூட்டி சேர்க்கப்பட்டது என்பது பொருள். லண்டன் போத்தலில் அந்தச் சொற்கள் இல்லை.

"தம்பி, இது ரெண்டும் ஒரே சாமான்தானே?"

"ஓம் மாமா, ஒரே சாமான்தான்."

"அப்ப ஏன் ஜேர்மன்காரனுக்குச் சொன்ன உண்மையை உனக்குச் சொல்லேல்லை?"

அவனிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. மதுவை அடியோடு விலக்கி வாழ்வோரை நான் மதிக்கிறேன். மதுவால் சிதைந்த குடும்பங்களை எங்கள் ஊர்களில் கண்ணாரக் கண்டவன் நான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத் தான் எதை வாங்குகிறேன் என்று அறியும் உரிமை உண்டு. அரிசிக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும் இந்த நியாயம் விஸ்கிக்கு மட்டும் பொருந்தாது போகுமா?

அன்றிரவு நாங்கள் சுவைத்தது அந்த இரட்டைப் போத்தல்களை அல்ல. அலுமாரியில் இருந்த இன்னொன்றை. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலா தீவில் வடிக்கப்படும் ஆர்ட்பெக் ஊகடால் அது. வடிசாலைக்கு நீர் தரும் மலைமேல் ஏரியின் பெயரைத் தாங்கி 2003 இல் வெளிவந்தது. மதுசாரம் 54.2 வீதம். பேர்பன் பீப்பாய்களில் முதிர்ந்ததும் ஷெரிப் பீப்பாய்களில் முதிர்ந்ததும் ஒன்றாகக் கலக்கப்பட்டது. ஒரு பிரபல விஸ்கிக் கையேடு தனது 2009 ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகின் தலைசிறந்த விஸ்கி என்று இதற்கு முடிசூட்டியது.

முடிசூட்டலை விட்டுவிடுவோம். என் மூக்கும் நாக்கும் சொன்னதைச் சொல்கிறேன். கிண்ணத்தை மூக்கருகே கொண்டு சென்றதும் எழுந்தது புகை. அதன் பின்னால் பழைய ஆஸ்பத்திரிகளின் டிஞ்சர் அயடீன், தார், கடற்கரையில் உலரும் கயிறு. சற்றுப் பொறுத்தால் அடியிலிருந்து இனிப்பு மேலே வருகிறது. பேரீச்சை, பிளம்ஸ், கோப்பி. ஆங்கில விமர்சகர்கள் இந்த இடத்தில் பழைய தோல் நாற்காலி என்றும் குதிரைச் சேணம் என்றும் எழுதுவார்கள். குதிரைச் சேணத்தை மோந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியதில்லை. எனக்கு நினைவு வந்தது சுட்ட பனம்பழம். நெருப்பில் தோல் கருகி, உள்ளே களி இனித்து, கருகலும் இனிப்பும் சிறு கசப்புமாக வாயில் நிற்குமே, அதுதான். பனம்பழம் சுட்டுத் தின்ற எந்தத் தமிழனும், தோல் நாற்காலி தெரியாமலேயே இந்த விஸ்கியை விளங்கிக்கொள்வான்.

பின்னர் சில துளி நீர் சேர்த்தேன். மூக்கை எரித்த மதுசாரம் அடங்கிப் புகை இன்னும் தெளிவாயிற்று. இது மனப்பிரமை அல்ல. புகைமணத்தின் முக்கிய மூலகர்த்தாவான குவாயக்கோல் என்னும் சேர்மம், மதுசாரத்தின் செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது என்று சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017 இல் கணினி மாதிரிகள் மூலம் காட்டினார்கள். நீர் கலப்பது கௌரவக் குறைவு என்று மீசை முறுக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆக, என் சண்டை விஸ்கியோடு அல்ல. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பாதி உண்மைகளால் வேலி கட்டும் வியாபாரத்தோடுதான். புகை, ஷெரி, நிறம், வயது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் புகை. பீற் என்பது சதுப்பு நிலத்தில் தாவரங்கள் முழுதாக உக்காமல் படிந்து உருவாகும் முற்றா நிலக்கரி. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் அடியிலும் இந்த இனம் உண்டு. மரம் அரிதான ஐலாவில் அதுவே விறகாக இருந்தது. முளைகட்டிய பார்லியை அதன் புகையில் உலர்த்துவார்கள். புகையிலுள்ள பீனோல் சேர்மங்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்ளும். அவை எத்தனை என்பதைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். லகவூலினுக்கு ஏறத்தாழ 35, ஆர்ட்பெக்கிற்கு ஏறத்தாழ 55. புரூக்லாடி வடிசாலையின் ஒக்டோமோர் வரிசையில் 309 என்ற எண்ணோடுகூட ஒரு போத்தல் வெளிவந்தது.

இந்த எண்ணைக் கண்டு மயங்குவோர் பலர். ஆனால் அது பார்லியில் அளந்த எண். போத்தலுக்குள் இருப்பதன் எண் அன்று. ஊறலிலும் நொதித்தலிலும் வடித்தலிலும் பீனோலின் பெரும்பங்கு கழிந்துபோகிறது. எஞ்சியதும் பீப்பாயில் கிடக்கக் கிடக்கத் தணிகிறது. இரண்டு வடிசாலைகள் ஒரே அளவு புகையூட்டிய பார்லியை வாங்கினாலும் கொதிகலனின் வடிவமும், வடிநீரை எந்தக் கட்டத்தில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதும் இரண்டையும் வேறாக்கிவிடும். இத்தனையும் தெரிந்த வியாபாரி பார்லியின் எண்ணைப் போத்தலின் பெருமையாக விளம்பரம் செய்கிறான். அந்த எண் பொய்யில்லை. ஆனால் வாங்குகிறவன் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வான் என்பதும் விற்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது ஷெரி. "ஷெரிப் பீப்பாய்" என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது என்ன? ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் நகரத்து இருண்ட நிலவறை ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வைன் முதிர்ந்த பீப்பாய், ஒரு நாள் ஓய்வு பெற்று ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறுகிறது. அழகான கதைதான். நடந்தது வேறு.

ஹெரெஸ் நிலவறைகளில் அடுக்கடுக்காக வைத்துப் பழையதோடு புதியதைக் கலந்துவரும் சோலெரா முறைப் பீப்பாய்களை அவர்கள் இலேசில் விற்பதில்லை. அவை பழசானால்தான் அவர்களுக்கு மதிப்பு. மரத்தின் சுவை வைனில் ஏறுவதை அவர்கள் விரும்புவதில்லை. அக்காலத்தில் ஸ்கொட்லாந்துக்குக் கிடைத்தவை போக்குவரத்துப் பீப்பாய்கள். ஷெரி பீப்பாயோடு பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்து அங்கே போத்தலில் அடைக்கப்பட்டது. வெறும் பீப்பாயைத் திருப்பி அனுப்பும் செலவை மிச்சம் பிடித்து விஸ்கிக்காரர்களுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். சிக்கனத்தில் பிறந்த சுவை அது. ஷெரியை ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கவேண்டும் என்ற நிலை 1980 களில் வந்ததும் அந்த ஊற்று வற்றிப்போயிற்று. பக்ஸரெற்றே என்னும் பாகு போன்ற வைன் செறிவைப் பழைய பீப்பாய்க்குள் அழுத்தத்தோடு ஏற்றி "புத்துயிர்" கொடுத்த வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது.

இன்று பெருமளவில் நடப்பது இதுதான். விஸ்கி நிறுவனம் புதிய ஓக் பீப்பாய்க்குக் கட்டளை கொடுக்கிறது. அதில் ஒலொரோசோ போன்ற ஷெரியை நிரப்பி ஓராண்டோ இரண்டாண்டோ ஊறவிடுகிறார்கள். ஹெரெஸ் வைன் ஒழுங்குமுறைச் சபையின் சான்றிதழுக்கு ஓராண்டு போதும். ஊறவைத்த அந்த ஷெரி மேசைக்கு வருவதில்லை. பலமுறை அதே வேலைக்குப் பயன்பட்டு, இறுதியில் வினாகிரியாகவோ வடிப்பதற்கோ போகிறது. அதாவது, பீப்பாய் ஷெரிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஷெரிதான் பீப்பாய்க்காகச் செய்யப்படுகிறது. மரம் அமெரிக்க ஓக்காகவும் இருக்கலாம், ஸ்பானிய ஓக்காகவும் இருக்கலாம். எது என்று போத்தல் பெரும்பாலும் சொல்வதில்லை.

இம்முறையில் நல்ல விஸ்கி உருவாகாது என்று நான் சொல்லவில்லை. மிக நல்ல விஸ்கி உருவாகிறது. பிறகு ஏன் மறைக்கவேண்டும்? "ஷெரியில் 18 மாதம் பதப்படுத்திய புதிய ஸ்பானிய ஓக்கில் 10 ஆண்டு முதிர்ந்தது" என்று அச்சிட்டால் குறைந்தா போய்விடும்? சில மாதங்கள் மட்டும் ஷெரிப் பீப்பாயில் இட்டுக் கடைசி மெருகேற்றியதும், முழு ஆயுளையும் அதில் கழித்ததும் ஒரே தோரணையில் கடைத் தட்டில் நிற்கின்றன. தனது உழைப்பைத் தானே ஒளிக்கும் கைவினைஞனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாவது நிறம். ஸ்கொட்ச் விஸ்கிக்கான 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கடுமையானவை. ஸ்கொட்லாந்தில் வடிக்கவேண்டும். 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்கொட்லாந்திலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவேண்டும். மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. நீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது. இத்தனை கண்டிப்புக்கும் நடுவே ஒரு யன்னல் மட்டும் திறந்திருக்கிறது. ஈ150ஏ எனப்படும் கரமல் நிறமூட்டியைச் சேர்க்கலாம்.

சேர்த்ததைச் சொல்லவேண்டுமா? பிரித்தானியாவில் தேவையில்லை. 1.2 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பானங்களுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை. எண்ணிப் பாருங்கள். ஒரு பவுணுக்கு வாங்கும் சோஸ் போத்தலில் கரமல் இருந்தால் அது அச்சிடப்பட்டிருக்கவேண்டும். நூறு பவுணுக்கு வாங்கும் விஸ்கியில் அதே குடும்பத்துக் கரமல் இருந்தால் வாய் திறக்கத் தேவையில்லை. ஜேர்மனியிலோ சொல்லியாகவேண்டும். அதனால்தான் மருமகனின் இரண்டு போத்தல்களும் இரண்டு விதமாகப் பேசின.

இதற்கு வியாபாரிகள் தரும் விடை எனக்குத் தெரியும். "நிறமூட்டியால் சுவை மாறாது. தொகுதிக்குத் தொகுதி நிறம் வேறுபட்டால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவார். ஒரே சீராக இருக்கவே சேர்க்கிறோம்." சரி, முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். சுவையை மாற்றாத ஒன்றைச் சேர்த்தது குற்றமில்லை. குற்றமில்லாத ஒன்றை ஏன் ஒளிக்கவேண்டும்? விடை எளிது. கருமை முதுமையின் அடையாளம், முதுமை உயர்வின் அடையாளம் என்ற நம்பிக்கை வாங்குகிறவனிடம் இருக்கிறது. என் மருமகன் சாயத் தேத்தண்ணியைக் கண்டு வருசக் கணக்குப் போட்டானே, அந்தக் கணக்குத் தொடர வேண்டும். அதற்குத்தான் அந்தக் கரமல். "ஒரே சீர்" என்பது பாதிக் காரணம். மற்றப் பாதியை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

நான்காவது வயது. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. நான் புகழ்ந்த ஊகடால் போத்தலில் வயது இல்லை. இளம் விஸ்கி தாழ்ந்தது என்ற எண்ணம் எனக்கு இல்லை. பீற் புகை காலத்தோடு தணிவதால் இளமையே அதற்கு வலிமை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வடிசாலையின் கதையை நினைத்துப் பாருங்கள். ஆர்ட்பெக் 1981 இல் மூடப்பட்டது. 1989 இல் திறந்து சிறிதளவே இயங்கியது. 1996 இல் மீண்டும் மூடப்பட்டு 1997 இல் கைமாறிப் புத்துயிர் பெற்றது. இவ்வளவு இடைவெளிகள் உள்ள களஞ்சியத்திலிருந்து கலக்கும் ஒரு விஸ்கி, 2003 இல் இருந்ததுபோல் இன்று இருக்க நியாயமில்லை. பெயர் மாறவில்லை. 54.2 என்ற எண்ணும் மாறவில்லை. உள்ளே எத்தனை வயதுச் சரக்கு எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதை வாங்குகிறவன் அறிய வழியில்லை.

"சொல்ல விரும்பும் நிறுவனம் சொல்லலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது! கொம்பஸ் பொக்ஸ் என்ற கலவை நிறுவனம் 2015 இல் தனது விஸ்கிகளில் என்னென்ன வடிசாலைச் சரக்கு, என்னென்ன வயதில், எத்தனை வீதம் சேர்ந்திருக்கிறது என்று முழுமையாக வெளியிட்டது. அது சட்டவிரோதம் என்று எச்சரிக்கை வந்தது. வயது சொல்வதானால் கலவையில் உள்ள மிக இளைய சரக்கின் வயதை மட்டுமே சொல்லலாம் என்பது விதி. மூன்று வயதுச் சரக்கு ஒரு துளி கலந்தாலும், மற்றதெல்லாம் முப்பது வயதானாலும், "மூன்று" என்று சொல்லலாம் அல்லது வாயை மூடலாம். அந்நிறுவனம் 2016 இல் வெளிப்படைத்தன்மை கோரி இயக்கம் தொடங்கியது. புரூக்லாடி வடிசாலையும் அந்தக் கோரிக்கையை ஆதரித்தது.

இளைய சரக்கின் வயதைத்தான் சொல்லவேண்டும் என்ற விதி நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஒரு துளி முதிய சரக்கைக் கலந்துவிட்டு "முப்பது" என்று பீற்றிக்கொள்வதை அது தடுத்தது. அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும். ஆனால் முழுப் பட்டியலையும் விகிதத்தோடு வெளியிடுவதில் எங்கே ஏமாற்று இருக்கிறது? கரமலை மறைக்கலாம், வயதுகளை முழுதாகச் சொல்லக்கூடாது என்பது எந்த ஊர் நீதி? செய்தித் தணிக்கையின் கீழ் பத்திரிகை நடத்திய நாட்டிலிருந்து வந்தவன் நான். சொல்லாமல் விடுவதற்குச் சுதந்திரமும் சொல்வதற்குத் தடையும் இருக்கும் நிலை எனக்குப் புதிதல்ல. அதை ஒரு விஸ்கிப் போத்தலில் மீண்டும் சந்திப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

முணுமுணுத்து என்ன பயன் என்போருக்கு ஒரு பழைய சம்பவம். 2003 இல் டியாஜியோ நிறுவனம், கார்டூ என்ற சிங்கிள் மோல்ட்டின் சரக்குப் போதாமையால், வேறு வடிசாலைகளின் மோல்ட்டையும் கலந்து "பியூர் மோல்ட்" என்று பெயரிட்டு ஏறத்தாழ அதே தோற்றத்தில் விற்கத் தொடங்கியது. சிங்கிள் மோல்ட் என்றால் ஒரே வடிசாலையின் மோல்ட் விஸ்கி என்பது பொருள். ஒரு சொல்லை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணியிருப்பார்கள். தொழிலுக்குள்ளேயே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. 2004 இல் அது மீளப்பெறப்பட்டது. பின்னர் 2009 ஆம் ஆண்டு விதிகள் "பியூர் மோல்ட்" என்ற பெயரையே தடைசெய்தன. ஆகவே, கேள்வி கேட்டால் போத்தலின் சொற்கள் மாறும்.

இப்போது எங்கள் ஆட்களிடம் வருகிறேன். கலியாண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் ஊருக்குப் போகும் பயணத்துக்கும் போத்தல் வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? பெட்டியின் கனத்தை, நிறத்தின் கருமையை, எண்ணின் பெருமையை. கொண்டுபோய்க் கொடுத்ததும் கொக்கோ கோலாவை ஊற்றி அந்தக் கருமையையும் மூழ்கடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்காத வாடிக்கையாளன் கிடைத்துவிட்டால் வியாபாரி ஏன் பதில் தயாரிக்கப் போகிறான்? அவனை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பமுடியாது.

நான் கேட்பது பெரிதல்ல. பின்பக்கத்தில் நான்கு வரிகள். நிறமூட்டி சேர்த்தீர்களா, இல்லையா? பீப்பாய் எந்த மரம், ஷெரி அதில் எவ்வளவு காலம் இருந்தது? விஸ்கி அந்தப் பீப்பாயில் இருந்தது முழுக் காலமா, கடைசிச் சில மாதங்களா? கலவையில் என்னென்ன வயது, எத்தனை வீதம்? முதல் மூன்றையும் இன்றே அச்சிட எந்தச் சட்டமும் தடையில்லை. நான்காவதுக்குச் சட்டம் திருந்தவேண்டும். இந்த நான்கையும் சொல்கிற போத்தலுக்குப் பத்துப் பவுண் கூடக் கொடுக்க நான் தயார்.

மறுநாட் காலையில் மருமகன் கடைக்குப் போய் வந்தான். விற்பனையாளரிடம் ஒரு போத்தலைக் காட்டி, "இதுக்குக் கலர் போட்டிருக்கா?" என்று கேட்டானாம். அந்த மனிதர் போத்தலை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எழுதவில்லையே" என்றாராம்.

"அதைத்தான் நானும் கேக்கிறன் எண்டு சொன்னன் மாமா" என்றான்.

பிள்ளை பொடியெழுத்து வாசிக்கப் பழகிவிட்டான் என்று மகிழ்ந்தேன்.